கை தட்டலாமா, கூடாதா?

வெளியூரில் ஒரு தமிழ் ஆராதனையை நடத்துவது எவ்வளவு பாடு என்று நடத்துகிறவர்களுக்குத்தான் தெரியும். இங்கே புனேயில் எங்களுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. மராத்தி, இங்கிலீஷ் ஆராதனைகள் முடிந்தபிறகு சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். திருநெல்வேலி சிஎஸ்ஐ, லுத்தரன், பெந்தெகொஸ்தே எல்லோரும் ஒரே பெஞ்சில். இப்போது அந்த ஒன்றரை மணி நேரத்தையும் இரண்டாகப் பிய்க்கப் பார்க்கிறார்கள். காரணம்? பாட்டுக்குக் கை தட்டலாமா, கூடாதா!

தட்டக்கூடாது என்கிறவர்கள் 'நம்ம முறை' என்கிறார்கள். எது ஐயா நம்ம முறை? பாமாலை மெட்டுகள் பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் கப்பலேறி வந்தவை. ஆர்மோனியமும் அப்படித்தான். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) கர்நாடக ராகங்களில் கிறிஸ்துவைப் பாடினாரே, வெள்ளைக்காரர் மெட்டுக்குப் பழகிய காதுக்கு அதுவும் ஒரு காலத்தில் புதுசுதான். கைத்தாளம் வேண்டும் என்றால் 150-ம் சங்கீதத்தைப் பாருங்கள், மேளமும் நடனமும் சேர்ந்தே இருக்கிறது.

அந்தப் பக்கத்துக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அச்சடித்த ஜெபத்தை வாசித்தால் 'ஆவியில்லாத சபை'யாம். புருஷனைப் பறிகொடுத்து வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மாவுக்கு, சின்ன வயதில் மனப்பாடம் செய்த அந்த ஜெபம்தான் பிடிமானம். அதைப் பறிக்க நீங்கள் யார்?

சண்டை போட வேண்டிய இடம் பிரசங்கம். அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடுவதில்லை. ஒருவர் கால் மணி நேரம் எழுதிவைத்ததை வாசிப்பார்; இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தச் செந்தமிழ் ஒரு வரி ஏறாது. இன்னொருவர் ஒரு மணி நேரம் மைக் கிழியக் கத்துவார். எடுத்த வசனத்தை முதல் நிமிடத்திலேயே விட்டுவிட்டு, இந்த மாதம் விசா வரும், வீடு வரும் என்று வாக்குக் கொடுப்பார். வராவிட்டால்? 'உங்களுக்கு விசுவாசம் பத்தாது.' நோயாளியின் தலையில் பழியையும் சேர்த்து ஏற்றுகிற இந்தக் கொடுமைக்கு முன்னால் கைதட்டல் ஒரு விஷயமா? அந்நிய பாஷையில் பதினாயிரம் வார்த்தையைவிட, சபைக்குப் புரிகிற ஐந்து வார்த்தை மேல் என்று பவுல் எழுதியது 1 கொரிந்தியர் 14-ல். அந்நிய பாஷையைத் தடைசெய்யாதீர்கள் என்று எழுதியதும் அதே அதிகாரத்தில்தான். இரண்டு கட்சிக்காரர்களும் ஆளுக்குப் பாதி வாசிக்கிறார்கள்.

1947 செப்டம்பர் 27-ல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று வேறு வேறு வழிபாடு உள்ளவர்கள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனார்கள். ஆயர் உண்டா இல்லையா என்பதிலேயே ஒத்துப்போகாதவர்கள் அவர்கள். பேசிப் பேசி முடிக்க ஏறக்குறைய முப்பது வருஷம் பிடித்தது. நாம் முப்பது நிமிஷம் உட்கார்ந்து பேசியிருக்கிறோமா?

பிரிவதென்றால் பிரியுங்கள். ஆறு மணிக்கு ஒரு கூட்டம், ஏழே காலுக்கு ஒரு கூட்டம், ஆர்மோனியம் ஒருவருக்கு, கீபோர்டு ஒருவருக்கு. பிள்ளைகள் இரண்டுக்கும் வரமாட்டார்கள். இப்போதே பாதிப் பேர் காலையில் இங்கிலீஷ் ஆராதனையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.