பெயரை அழித்த கணக்கு

2025-ம் வருஷம் நவம்பர் மாதம் 14-ந் தேதி முதல் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 8-வது பிரிவில் ஓர் உட்பிரிவு உருமாறிவிட்டது. தனிநபர்களைப் பற்றிய டிஜிட்டல் விவரங்களைப் பாதுகாப்பதற்கென்று 2023-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய வேறொரு சட்டத்தின் கடைசியில், 44-வது பிரிவாக ஒட்டிக்கொண்டு வந்த திருத்தம் இது. தகவல் உரிமைச் சட்டத்தைத் திருத்துகிறோம் என்று சொல்லிக்கொண்டு ஒரு தனி மசோதா வந்திருந்தால் தேசமெங்கும் கூக்குரல் எழும்பியிருக்கும். இப்பொழுதோ, வேறொரு வீட்டுக்குப் போகும் வண்டியில் ஏறிவந்து நம் வாசலில் இறங்கிவிட்டது. இதனால் டில்லியிலுள்ள பெரிய காரியாலயங்களைக் காட்டிலும், நமது பஞ்சாயத்துக் காரியாலயங்களிலும் தாலூகாக் கச்சேரிகளிலும் நகரசபைகளிலும்தான் அதிக நஷ்டம் நேரும் என்பது நமது அபிப்பிராயம்.

மாறியது என்னவென்று முதலில் பார்ப்போம். 2005-ல் ஏற்பட்ட சட்டத்தின்படி, ஒருவருடைய சொந்த விவரத்தைக் கொடுக்க மறுக்க வேண்டுமானால் உத்தியோகஸ்தர் ஒரு காரணம் காட்டியாக வேண்டும். அந்த விவரத்துக்கும் பொதுக் காரியத்துக்கும் சம்பந்தமில்லை என்றாவது, அதை வெளியிடுவது ஒருவருடைய அந்தரங்கத்தில் நியாயமின்றித் தலையிடுவதாகும் என்றாவது அவர் சொல்ல வேண்டும். அப்பொழுதுங்கூட, பொது நன்மையை முன்னிட்டுக் கொடுக்கலாம் என்று அதே வாசகத்தில் வழி இருந்தது. சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் மறுக்க முடியாத தகவலைச் சாமானியப் பிரஜைக்கும் மறுக்கலாகாது என்ற வாக்கியமும் கீழே இருந்தது. இப்பொழுது அத்தனையும் போய், ‘சொந்த விவரம் சம்பந்தமான தகவல்’ என்ற சொற்கள் மாத்திரம் நிற்கின்றன. சொந்த விவரமா, கொடுக்க வேண்டாம். உத்தியோகஸ்தர் யோசிப்பதற்கே அவசியமில்லாமல் செய்துவிட்டார்கள். சட்டசபையைப் பற்றிய வாக்கியமும் கூடவே மறைந்துவிட்டதென்றே பெரும்பாலோர் பொருள் கொள்கின்றனர்.

ஸ்தல ஸ்தாபனங்களின் தஸ்தாவேஜுகளில் சொந்த விவரம் இல்லாதது எது என்று கேட்கிறோம். வேலைக்கு வந்தவர்களின் பெயரும் நாளும் கூலியும் கைநாட்டும் அடங்கியது மஸ்டர் ரோல். இலவச வீடு பெற்றவர்களின் ஜாபிதா முழுவதும் மனிதர்களின் பெயர்களே. ரேஷன் கார்டு, முதியோர் உதவித் தொகை, குடிநீர் இணைப்பு, பட்டா மாறுதல், கடை ஏலம், கண்டிராக்டருக்குக் கொடுத்த செக்கு, அளவுப் புத்தகத்தின் அடியில் கையெழுத்திட்ட பொறியாளர் எல்லாம் பெயர்தான். அந்தப் பெயர்களின் மேல் மையைப் பூசிவிட்டு நகல் கொடுத்தால், இத்தனை பேருக்கு இத்தனை ரூபாய் என்று ஒரு கூட்டுத்தொகை மிஞ்சும். கூட்டுத்தொகை எப்பொழுதும் சரியாகவே இருக்கும். திருடுகிறவனும் கூட்டலில் தவறு செய்வதில்லை. அவன் தவறு செய்யும் இடம் பெயர். செத்தவனைக் கூலிக்காரனாக்குவான்; பம்பாய்க்குப் போய்ப் பத்து வருஷமானவனை ஏரி வெட்டச் செய்வான்; ஓட்டு வீட்டுக்காரனைக் குடிசைக்காரனாக்குவான். இவற்றைக் கண்டுபிடிக்கத் தணிக்கை அதிகாரியால் ஆகாது. அந்த ஊரில் வசிக்கிறவனால்தான் ஆகும். அவனும் பெயரைப் பார்த்தால்தான் கண்டுபிடிப்பான்.

இது வெறும் ஊகமன்று. தகவல் உரிமை இந்தியாவில் ஒரு பலமான மக்கள் கிளர்ச்சியாகப் பிறந்ததே மஸ்டர் ரோலிலிருந்துதான். ராஜஸ்தானத்தில் ராஜ்ஸமந்த் ஜில்லாவைச் சேர்ந்த பீம் என்னுமிடத்தில், 1990-ம் வருஷம் மே மாதம் 1-ந் தேதி, மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர் விவசாயிகளின் சங்கம் ஸ்தாபிக்கப்பட்டது. கலெக்டர் உத்தியோக வர்க்கத்தை உதறிவிட்டு வந்த அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் முதலியோர் அதை நடத்தினர். பஞ்சகாலத்து நிவாரண வேலைகளில் மண் சுமந்த ஏழைகள் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியைக் கேட்டார்கள். ‘நீங்கள் அவ்வளவு வேலை செய்யவில்லை’ என்றார்கள் அதிகாரிகள். ‘அளந்த புத்தகத்தைக் காட்டுங்கள்’ என்றார்கள் கூலிக்காரர்கள். ‘அது ரகசியம்’ என்று பதில் வந்தது. குழி வெட்டியவனுக்கே அந்தக் குழியின் அளவு ரகசியமாம்! வெள்ளைக்காரன் 1923-ல் தன் ஆட்சியைக் காத்துக்கொள்ளச் செய்த உத்தியோக ரகசியச் சட்டத்தின் நிழல், அவன் கப்பலேறி நாற்பது வருஷத்துக்கு மேலாகியும், மேவாட்டிலே ஒரு மண் குழியின் மேல் விழுந்து கிடந்தது.

அந்தச் சங்கத்தார் செய்த காரியம் சாமானியமானது. எப்படியோ நகல்களைச் சம்பாதித்து, ஊர் நடுவே பந்தல் போட்டு, ஜனங்களைக் கூட்டி உரக்க வாசித்தார்கள். 1994-ம் வருஷம் டிசம்பர் 2-ந் தேதி பாலி ஜில்லாவில் கோட்கிரானா என்ற ஊரில் இது முதன்முதலாக நடந்தது. ‘ஜன சுன்வாய்’ என்று பெயர். பொது விசாரணை என்று நாம் சொல்லலாம். எழுத்தறியாதவர்கள்தாம் அதிகம். ஆனாலும் பெயரை வாசித்த மாத்திரத்தில், ‘நான் அந்த வேலைக்கே போகவில்லையே’ என்று ஒருவர் எழுந்திருப்பார். ‘அவர் இறந்து எத்தனை வருஷமாயிற்று’ என்று இன்னொருவர் சொல்வார். வக்கீலும் தேவைப்படவில்லை, கணக்கரும் தேவைப்படவில்லை. அன்று பெயர்களின் மேல் மை பூசியிருந்தால் அந்தப் பந்தலில் வாசிப்பதற்கு என்ன இருந்திருக்கும்?

1995 ஏப்ரலில் ராஜஸ்தான முதல் மந்திரி பைரோன் சிங் ஷெகாவத், ஸ்தல வேலைகளின் கணக்கு நகல்களை ஜனங்கள் பெறலாம் என்று சட்டசபையில் வாக்களித்தார். ஒரு வருஷம் கழிந்தும் உத்தரவு பிறக்கவில்லை. 1996-ம் வருஷம் ஏப்ரல் 6-ந் தேதி பியாவர் பட்டணத்தில் சங்கத்தார் தர்ணா உட்கார்ந்தார்கள். நாற்பது நாள் நடந்தது. கடைத்தெருவினர் காய்கறி கொடுத்தார்கள்; கிராமத்தினர் தானியம் கொண்டுவந்தார்கள். ‘நமது பணம், நமது கணக்கு’ என்பது அவர்களுடைய கோஷம். அந்த முழக்கம்தான் படிப்படியாக வளர்ந்து 2005-ல் தேசத்தின் சட்டமாயிற்று. அப்படிப்பட்ட சட்டத்தில்தான் இன்று பெயர் சொல்லலாகாது என்கிறார்கள்.

கணக்குக் கேட்பது நமக்குப் புதிதென்று எவரும் நினைக்க வேண்டாம். உத்திரமேரூர்க் கோயிற் சுவரில், பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய சாஸனங்கள் இருக்கின்றன. சபை வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி குடவோலைக்கு நிற்கலாகாது என்பது அதில் கண்ட விதி. அவரோடு நிற்காமல் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அந்தத் தடை உண்டு. இந்தச் சாஸனத்தை மேடைதோறும் புகழ்ந்து பேசாத தலைவர் நம் நாட்டில் இல்லை. புகழ்கிறவர்கள் அந்தக் கணக்குப் பகுதியை மாத்திரம் சற்று வேகமாகத் தாண்டிப் போவார்கள். 1997-ல் தமிழ்நாட்டுச் சட்டசபைதான் இந்தியாவிலேயே முதலாவதாகத் தகவல் உரிமைச் சட்டம் ஒன்றை இயற்றியது என்பதும் உண்மை. ஆனால் கொடுக்க வேண்டியதைவிட மறுக்க வேண்டியதையே அது விஸ்தாரமாக எழுதிவைத்திருந்தது.

எதிர்ப் பக்கத்து வாதத்தையும் கேட்க வேண்டும். மனிதனுடைய அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டு 2017-ல் தீர்ப்பளித்தது. அதை நாம் மனப்பூர்வமாக ஏற்கிறோம். ஒரு விதவையின் ஆதார் நம்பரும், ஒரு நோயாளியின் வியாதியும் கடைத்தெருவில் கிடக்க வேண்டியவை அல்ல. தகவல் மனுவையே தொழிலாக்கி, கண்டிராக்டரையும் குமாஸ்தாவையும் பயமுறுத்திப் பணம் பறிப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள் என்பதையும் மறுக்கமாட்டோம். அவர்கள் இந்த உரிமைக்கு உத்தியோகஸ்தர்களைவிடப் பெரிய சத்துருக்கள். ஆனால் பழைய வாசகமே அந்தரங்கத்தைக் காத்து வந்ததே! வியாதியை மறைத்து, மருந்து வாங்கிய பில்லைக் காட்டச் சொல்லிற்று. சர்க்கார் பணம் ஒருவர் கைக்குப் போன பிறகு, போன தொகை அவருடைய அந்தரங்கம் ஆகுமா? பயமுறுத்திப் பணம் பறிப்பதற்குப் போலீஸ் சட்டம் இருக்கிறது. ஊர்க் கணக்கை மூடுவது அதற்குப் பரிகாரமாகாது.

8-வது பிரிவின் 2-வது உட்பிரிவு அப்படியே இருக்கிறதே என்று இந்திய சர்க்கார் சமாதானம் சொல்கிறது. இருக்கிறது, உண்மை. பொது நன்மை பெரிதானால் தகவல் கொடுக்கலாம் என்று அது சொல்கிறது. கொடுக்க ‘வேண்டும்’ என்பதற்கும் கொடுக்க‘லாம்’ என்பதற்கும் உள்ள தூரத்தைக் கச்சேரி வாசலில் காத்துக் கிடந்தவர்கள் அறிவார்கள். எனினும் அதுவே இப்பொழுது நம் கையிலுள்ள ஆயுதம் ஆகையால், மனு எழுதுவோர் அந்த உட்பிரிவைக் குறிப்பிட்டு, பொது நன்மை இன்னதென்று இரண்டு வரி எழுதிவிடுவது நலம். காரணம் சொல்லாமலே தகவல் கேட்கலாம் என்று 6-வது பிரிவு இன்றும் கூறுகிறது. ஆனால் பெயர்கள் அடங்கிய தஸ்தாவேஜைக் கேட்கும்பொழுது காரணத்தைத் தாமாகவே சொல்வதுதான் புத்திசாலித்தனம். இதைவிடப் பலமானது 4-வது பிரிவு. சர்க்கார் உதவித் திட்டங்களின் தொகையையும், அவற்றால் பயன் பெற்றவர்களின் விவரத்தையும், சலுகையும் அனுமதியும் பெற்றவர்களின் விவரத்தையும் எவரும் கேளாமலே ஒவ்வொரு காரியாலயமும் பிரசுரிக்க வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. இந்தக் கட்டளையைத் திருத்தம் தொடவில்லை. தாமே பிரசுரிக்கக் கடமைப்பட்ட ஒன்றைக் கேட்டவனுக்கு மறுப்பது எந்த நியாயம் என்று ஒவ்வோர் அப்பீலிலும் கேட்க வேண்டும்.

நம் ஊழியர்களிடமும் ஒரு குறை உண்டு. பலர் மனுவில் கேள்வி கேட்கிறார்கள்: ‘எங்கள் தெருவுக்கு ஏன் ரஸ்தா போடவில்லை?’ ‘இது அநீதி அல்லவா?’ இதற்கெல்லாம் பதில் சொல்ல அந்தச் சட்டம் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. காரியாலயத்தில் இருக்கும் தஸ்தாவேஜைத்தான் அது தரச் சொல்கிறது. ஆகவே இன்ன வருஷம், இன்ன தெருவின் ரஸ்தா வேலைக்கான மதிப்பீடு, வேலை உத்தரவு, அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், பில், வவுச்சர், முடிவுச் சான்று என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். நகலோடு நில்லாமல், நேரில் போய்ப் பார்வையிடவும், குறிப்பெடுக்கவும், உபயோகித்த பொருளின் மாதிரியை அத்தாட்சியுடன் பெறவும் உரிமை உண்டு. சிமெண்டில் மணல் எவ்வளவு என்பது காகிதத்தில் தெரியாதல்லவா? மனுவுக்குப் பத்து ரூபாய். தமிழ்நாட்டில் கோர்ட் பீஸ் ஸ்டாம்பாக ஒட்டிவிடலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் வராவிட்டால் மறுத்ததாகவே அர்த்தம். அப்புறம் 30 நாளுக்குள் முதல் அப்பீல். அதிலும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் கமிஷனுக்கு இரண்டாவது அப்பீல். தாமதித்த உத்தியோகஸ்தருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் போடக் கமிஷனுக்கு அதிகாரம் உண்டு. அதிகாரம் உண்டென்று எழுதினோமே தவிர, கமிஷனர்கள் அதை ஆசையோடு உபயோகிக்கிறார்கள் என்று எழுதவில்லை. 2019-ல் வந்த திருத்தத்தால் அவர்களுடைய பதவிக்காலமும் சம்பளமும் மத்திய சர்க்கார் நிர்ணயிப்பதாகிவிட்டது.

கேட்பவர்களுக்கு ஆபத்து இல்லை என்று நாம் சொல்லவில்லை. 2010 ஜனவரியில் புனாவுக்கு அருகே தலேகாவில் சதீஷ் ஷெட்டியும், அதே வருஷம் ஜூலையில் ஆமதாபாத் ஹைகோர்ட்டின் வாசலருகே அமித் ஜேட்வாவும் கொல்லப்பட்டனர். ஊழலை வெளியிடுவோரைக் காப்பதற்கென்று 2014-ல் இயற்றிய சட்டத்தைப் பத்து வருஷம் கடந்தும் அமுலுக்குக் கொண்டுவரவில்லை. ஆகையால் தனியாக ஒருவர் பெயரில் மனுப் போட்டு வீரம் காட்டுவதைவிட, ஒரே தஸ்தாவேஜைக் கேட்டு ஊரில் பத்துப் பேர் தனித்தனியே மனுச் செய்வது மேல்.

தமிழ்நாட்டில் பெரும்பாலான ஜில்லாக்களில் 2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட கிராமப் பஞ்சாயத்துகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போயிற்று. தலைவரும் உறுப்பினரும் இல்லாத காலத்தில் செலவான பணத்தைப் பற்றி வாய்திறந்து கேட்க வழியில்லை. தஸ்தாவேஜைத்தான் கேட்க வேண்டும். அந்தக் காலத்து மஸ்டர் ரோல்களையும் பில்களையும் இப்பொழுதே கேட்டு வாங்கி, கிராம சபையில் பெயர் பெயராக வாசிக்க ஒவ்வோர் ஊரிலும் நாலு பேர் முன்வர வேண்டும். கிராம சபை ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய தேதிகளில் கூடுவது. ஆகஸ்டு 15-ல் வாசிக்க வேண்டிய நகலுக்கு ஜூலை முதல் வாரத்திலேயே மனு தபாலில் சேர்ந்திருக்க வேண்டும். ரசீதைப் பத்திரப்படுத்தி வைக்கவும்.