பச்சைப் பிராயச்சித்தம்

நம் நாட்டில் ஒருவன் எவ்வளவு பெரிய அக்கிரமம் செய்தாலும் அதற்குப் பரிகாரம் என்று ஒன்று புரோகிதன் மடியில் எப்போதும் தயாராய் இருக்கும். வட்டிக்கு வட்டி வாங்கிப் பத்துக் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தியவன் ஒரு கும்பாபிஷேகம் செய்துவிட்டால் புண்ணியவான் ஆகிவிடுவான். தெருவில் நின்றவனுக்கு அதனால் ஒரு காசும் திரும்பி வந்ததில்லை.

இப்போது அதே சரக்கு வேறு பெயரோடு கடைத்தெருவுக்கு வந்திருக்கிறது. நாமத்துக்கும் விபூதிக்கும் பதிலாக ஒரு பச்சை இலைப் படம். தட்சணைக்குப் பதிலாக மரக்கன்று. "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்பது மந்திரம். புகையை ஊரார் மூக்கில் விடுகிற முதலாளி வருஷத்துக்கு ஒரு நாள் கன்று நட்டுப் படம் பிடித்துக் கொள்ளுகின்றார். சரக்கு வாங்குகிற நாமோ ஒரு துணிப்பையைத் தோளில் மாட்டிக் கொண்டவுடன் நம் பாவம் தீர்ந்ததாக எண்ணி விடுகின்றோம்.

இதன் யோக்கியதையைத் தூத்துக்குடியில் பார்த்தால் நன்றாய் விளங்கும்.

அந்தக் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கடல்கட்டி என்று ஒருவர் இருப்பார். மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவது அவர் தொழில். அவர் இல்லாமல் குளியாட்கள் கடலில் இறங்க மாட்டார்கள். அதற்காக அவருக்குச் சிப்பியில் பங்கு உண்டு. வெள்ளைக்காரச் சர்க்காரும் இதை அனுமதித்தே வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு அடியில் இறங்குகிறவன் ஒருவன். கரையில் நின்று பங்கு வாங்குகிறவன் இன்னொருவன். 1961க்குப் பிறகு அங்கே முத்துக்குளிப்பே நடைபெறவில்லை. எந்த மந்திரமும் சிப்பியைத் திரும்பக் கொண்டுவரவில்லை. சுவாதி நட்சத்திரத்தில் விழும் மழைத்துளியே முத்தாகிறது என்று புராணிகர்கள் அளந்து கொண்டிருந்த அதே தூத்துக்குடியில், 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த தோழர் கே. அழகர்சாமி சிப்பிக்குள் சிறு மணியை வைத்து முத்தை வளர்த்துக் காட்டினார். அப்படியும் சோதிடன் சொன்னான் என்று சந்திரனுக்காக முத்து மோதிரம் போடுகிறவர்கள் பி.ஏ., எம்.ஏ. படித்தவர்களாகவே இருக்கின்றார்கள்!

பவளப்பாறையின் கதை இதைவிட மோசம். மன்னார் வளைகுடாவில் பாறையை வெட்டி எடுத்துச் சுண்ணாம்பாக எரித்தார்கள். கட்டிடத்துக்கும் ஆலைக்கும் அது போயிற்று. அலையைத் தடுத்த பாறை போனபின் தீவு நிற்குமா? அங்கேயிருந்த 21 தீவுகளில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு நீருக்குள் போய்விட்டன. வெட்டியவன் கூலிக்காரன். அந்தச் சுண்ணாம்பில் வீடு கட்டிக் குடியேறியவர்களோ கிரகப்பிரவேசத்துக்கு ஐயரைக் கூப்பிட்டார்களே தவிர, சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. பவளத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுக்க 2001 வரை ஆயிற்று.

இனி தாமிர ஆலைக்கு வருவோம். மகாராஷ்டிரத்து ரத்னகிரியில் குடியானவர்கள் எதிர்த்து நிறுத்திய ஸ்டெர்லைட் ஆலைக்கு 1994இல் தூத்துக்குடியில் அடிக்கல் நாட்டப்பட்டது. மன்னார் வளைகுடாவிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நிபந்தனை எழுதிற்று. ஆலை எழும்பியதோ 14 கிலோமீட்டருக்குள். ஆலையைச் சுற்றி 250 மீட்டர் அகலத்துக்கு மரங்கள் வளர்க்க வேண்டும் என்றும் எழுதிற்று. கம்பெனி கேட்டுக் கொண்டது. அது 25 மீட்டர் ஆயிற்று. ஒரு சைபரை எடுத்துவிட்டால் காடு தோப்பாகிவிடுகிறது பாருங்கள்! இந்தப் பச்சைக்கு இவ்வளவுதான் மதிப்பு.

2010இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொல்லிற்று. 2013 மார்ச் 23இல் ஊரில் விஷவாயு பரவி ஜனங்கள் மூச்சுத் திணறினார்கள். அதற்குப் பத்து நாள் கழித்து, ஏப்ரல் 2இல், உச்சநீதிமன்றம் ஆலை மாசுபடுத்தியது உண்மை என்றே கண்டது. ஆனால் தாமிரம், வேலை, துறைமுக வருமானம் இவைகளை உத்தேசித்து மூடல் உத்தரவை ரத்து செய்து, 100 கோடி ரூபாய் கட்டச் சொல்லிற்று. அந்தப் பணத்தை பாங்கில் போட்டு வட்டியைக் கொண்டு நிலத்தையும் நீரையும் சீர்செய்ய வேண்டுமாம். நாம் நீதிபதிகளின் நோக்கத்தைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் கொடுக்கப் பணம் இருக்கிறவனுக்குக் குற்றமும் ஒரு செலவுக் கணக்கு ஆகிவிடுகிறதா இல்லையா? பிராயச்சித்தத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பிறகு ஆலையை இரட்டிப்பாக்கப் புறப்பட்டார்கள். 2018இல் குமரெட்டியாபுரத்து மக்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். நூறாவது நாளான மே 22இல் ஊரே ஆட்சியர் அலுவலகத்துக்கு நடந்தது. போலீசார் சுட்டார்கள். 13 பேர் மாண்டார்கள். ஆறு நாள் கழித்து, அதே மே 28இல், சர்க்கார் ஆலையை நிரந்தரமாய் மூட உத்தரவிட்டது. அந்த உத்தரவைப் பத்து நாளைக்கு முன்னால் எழுத எந்தப் பேனாவுக்கு மை இல்லாமற் போயிற்று? 2020இல் உயர்நீதிமன்றமும், 2024 பிப்ரவரி 29இல் உச்சநீதிமன்றமும் மூடியது சரியே என்றன.

"அப்படியானால் உங்கள் வீட்டு விசிறிக்குத் தாமிரக் கம்பி வேண்டாமா? காற்றாலைக்கும் மின்சார வண்டிக்கும் வேண்டாமா?" என்று சில அறிவாளிகள் கேட்கின்றார்கள். வேண்டும்தான். வருஷத்துக்கு 4 லட்சம் டன் தாமிரம் செய்துவந்த ஆலை அது. நாட்டின் தேவையில் பெரும்பங்கு அதிலிருந்தே போயிற்று என்பதையும் நாம் மறைக்கவில்லை. அங்கே வேலை பார்த்தவர்களும் நம்மவர்களே. ஆனால் கம்பியின் விலையில் உப்பளத் தொழிலாளியின் நுரையீரலும் குடியானவனின் கிணற்று நீரும் சேர்க்கப்படாததினால்தான் அது மலிவாய்க் கிடைத்தது. சாஸ்திரக்காரன் சேரியை ஊருக்கு வெளியே வைத்தான். நாகரிகக்காரன் புகைக்கூண்டை அதே சேரிக்குப் பக்கத்தில் வைக்கின்றான். வாங்குகிறவன் இரண்டையும் பார்க்காமல் இருந்துகொள்ளுகின்றான்.

ஆகவே இனி எந்தக் கம்பெனியாவது மரக்கன்றோடு உங்கள் ஊருக்கு வந்தால், கன்றை வாங்கி நட்டுக் கொள்ளுங்கள். மரத்தின்மேல் நமக்கு விரோதமில்லை. வாங்கும்போதே, புகையை அளப்பது யார், அளந்த கணக்கைத் தமிழில் எழுதிப் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டுவீர்களா, கழிவை எங்கே கொட்டுகின்றீர்கள் என்று மூன்றையும் கேளுங்கள். 2018இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஸ்டெர்லைட்டுக்கு அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, உப்பாற்று ஓரத்தில் கொட்டிக் கிடந்த தாமிரக் கசடு. அதை யாரும் நட்டுப் படம் பிடிக்கவில்லை.