மறுநாளும் நிற்கும் மகிழ்ச்சி

டிஸம்பர் மாதம் பிறந்துவிட்டால் கடைவீதிகளின் தோற்றமே மாறிவிடுகிறது. வாயில்தோறும் காகித நட்சத்திரங்கள் தொங்குகின்றன. மின்விளக்குகள் சரஞ்சரமாக மின்னுகின்றன. ஜவுளிக் கடைகளில் தள்ளுபடி விற்பனை. கேக்குக் கடைகளில் இரவு நெடுநேரம் வரையில் கூட்டம். கிறிஸ்தவ சகோதரர்களின் இல்லங்களிலோ வெள்ளையடிப்பும் புத்தாடையும் பலகாரமுமாக ஒரே பரபரப்பு. இவற்றுள் எதனையும் இகழ்வது நமது நோக்கமன்று. பண்டிகை என்றால் குழந்தைகள் புத்தாடை உடுத்தவும், உற்றார் கூடியிருந்து உண்ணவும் வேண்டியதே. ஆயினும், பண்டிகை முடிந்து விளக்குச் சரங்களை அவிழ்த்துச் சுருட்டி வைக்கும்பொழுது, அவற்றோடு மகிழ்ச்சியும் சுருட்டி வைக்கப்பட்டு விடுகிறதா என்பதே நாம் கேட்க விரும்பும் கேள்வி.

பிறர் பண்டிகையைப் பற்றிப் பேச உமக்கென்ன பாத்தியதை என்று சிலர் வினவலாம். கடன் வாங்கித் தீபாவளி கொண்டாடிவிட்டு மாதக்கணக்கில் வட்டி கட்டும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டு. ஆதலின், உபதேசியாராக அல்லாமல், ஒரே நோயுற்ற இருவர் தம்முள் பேசிக்கொள்ளும் முறையிலேயே இதனை எழுதுகிறோம்.

இப்பண்டிகைக்கு மூலமான வரலாற்றைச் சற்றே நினைவுகூர்வோம். லூக்கா எழுதிய சுவிசேஷத்தின்படி, ரோமச் சக்கரவர்த்தி அகுஸ்துவின் குடிமதிப்புக் கட்டளையை முன்னிட்டு, யோசேப்பு கர்ப்பவதியான மரியாளுடன் நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் பிரயாணமானார். அந்நிய ஆதிக்கத்தின் பதிவேட்டில் பெயர் கொடுப்பதற்காகச் செய்த பிரயாணம் அது. சத்திரத்தில் இடம் கிடைக்கவில்லை. பிறந்த குழந்தை மாட்டுக்குத் தீனி வைக்கும் முன்னணையில் கிடத்தப்பட்டது. அந்தப் பெரிய மகிழ்ச்சிச் செய்தியை முதன்முதலில் கேட்டவர்கள் அரண்மனைவாசிகளல்லர். இரவில் வெட்டவெளியில் மந்தை காத்திருந்த மேய்ப்பர்கள். அவர்கள் ஓடிச் சென்று குழந்தையைக் கண்டனர். இறைவனைத் துதித்துக்கொண்டே திரும்பினர். அவர்கள் கூலி உயர்ந்ததாகவோ, சக்கரவர்த்தியின் கட்டளை தளர்ந்ததாகவோ அந்நூல் கூறவில்லை. மறுநாள் இரவும் அதே மந்தை, அதே காவல். வெளி நிலைமை ஒன்றும் மாறாதிருக்க, உள்ளம் நிறைந்தது. கிறிஸ்தவ மகிழ்ச்சியின் இலக்கணம் இதுவே என்று நாம் கருதுகிறோம்.

இந்த முன்னணையின் எளிமையை ஜனங்கள் கண்ணாரக் காணவேண்டுமென்று விரும்பியவர் அஸிஸி நகரத்து ஞானி பிரான்சிஸ். இத்தாலியில் கிரேச்சியோ என்னும் சிற்றூரில், 1223-ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் இரவில், வைக்கோல் பரப்பிய முன்னணையையும், ஒரு காளையையும், ஒரு கழுதையையும் அவர் நிறுத்தி வைத்தார். குழந்தை இயேசு பட்ட வறுமையை நினைவூட்டுவதே அவர் கருத்து. இன்று வீடுகளிலும் கோயில்களிலும் வைக்கப்படும் குடில்களுக்கு அந்த இரவே முன்மாதிரியாயிற்று. ஆகவே, அலங்காரம் யாவும் வீண் என்று கூறுவதற்கில்லை. வறுமையை நினைவூட்ட எழுந்த அலங்காரம், வறியவனை மறக்கச் செய்யும் அலங்காரமாக மாறும்பொழுதுதான் கேடு விளைகிறது.

அம்மாறுதலுக்கு ஓர் உதாரணம் கூறுவோம். லண்டன் மாநகரில் 1843-ஆம் ஆண்டில் ஹென்றி கோல் என்பவர் முதன்முதலாகக் கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டை அச்சிட்டு விற்பனைக்குக் கொணர்ந்தார். விலை ஒரு ஷில்லிங். அதன் நடுவில் ஒரு குடும்பத்தார் மதுக்கிண்ணம் ஏந்தி விருந்துண்ணும் காட்சி. ஒரு புறத்தில் பசித்தோருக்கு உணவிடும் காட்சி. மற்றொரு புறத்தில் ஏழைக்கு ஆடை கொடுக்கும் காட்சி. காலப்போக்கில் பண்டிகைக்கு நேர்ந்தது என்ன? நடுவிலிருந்த விருந்து பெருத்துக்கொண்டே போயிற்று. இரு புறத்திலுமிருந்த தருமம் ஓரத்திற்கும் அப்பால் தள்ளப்பட்டது.

இதற்குப் பரிகாரம் கொண்டாட்டத்தையே ஒழித்துவிடுவதா? இங்கிலாந்தில் அதையும் செய்து பார்த்தார்கள். 1647-ஆம் ஆண்டில் பார்லிமெண்டு கிறிஸ்மஸ் முதலிய திருநாட்களை ரத்து செய்தது. அவ்வாண்டு டிஸம்பர் 25-ஆம் தேதியன்று காண்டர்பரி நகரில் கலகம் மூண்டது. 1660-ஆம் ஆண்டில் மன்னராட்சி திரும்பியதும் பண்டிகையும் திரும்பிற்று. சட்டத்தினால் விளக்கை அணைக்கலாம். உள்ளத்தில் ஒளியை ஏற்ற இயலாது.

இங்கே தேசத்தொண்டர் ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கக்கூடும்: “வெளி நிலைமை மாறாமலே உள்ளம் மகிழலாம் என்றால், அடிமை அடிமையாகவும், பசித்தவன் பசித்தவனாகவுமே மகிழ்ந்து கிடக்கலாம் என்கிறீரா?” நியாயமான கேள்வி. இதற்கு விடையாக, வாதத்தைவிட இருவருடைய வாழ்க்கையையே முன்வைப்போம்.

1931-ஆம் ஆண்டில் லண்டன் வட்டமேஜை மகாநாட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய மகாத்மா காந்தி, கிறிஸ்மஸ் தினத்தன்று ‘பில்ஸ்னா’ என்னும் கப்பலில் இருந்தார். அன்று அவர் பேசியதன் சாரம் இது: உலகில் மெய்யான சமாதானம் நிலைபெறும்பொழுதே கிறிஸ்து பிறந்தார் என்று சொல்லலாகும்; அப்பிறப்பு ஆண்டில் ஒரு நாளைக்கு மட்டும் உரியதன்று, ஒவ்வொருவர் வாழ்விலும் மீண்டும் மீண்டும் நிகழத்தக்கது; சிலுவையை விலக்கிவிட்டுக் கிறிஸ்துவை அடைய முடியாது. 28-ஆம் தேதி அவர் பம்பாயில் இறங்கினார். 1932 ஜனவரி 4-ஆம் தேதி சிறைப்பட்டார்.

மற்றொருவர் ஜெர்மானியப் பாதிரியாரான டீட்ரிக் போன்ஹோஃபர். காந்தியடிகளிடம் வந்து தங்கிக் கற்க விரும்பியவர் அவர். 1934-ஆம் ஆண்டில் காந்தியடிகள் அவரை வருமாறு அழைத்தும், அப்பிரயாணம் கைகூடவில்லை. ஹிட்லரின் கொடுங்கோன்மையை எதிர்த்த அவர், 1943 ஏப்ரலில் கைதானார். அவ்வாண்டு டிஸம்பரில் பெர்லின் நகரின் டேகல் சிறையிலிருந்து பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். சத்திரத்தில் இடமின்றித் தொழுவத்தில் பிறந்தவரின் செய்தி, பிறரைவிடச் சிறைக்கைதிக்கே நன்கு விளங்கும். அவனுக்கு அது மெய்யாகவே மகிழ்ச்சியான செய்தி என்பது அக்கடிதத்தின் கருத்து. விளக்கும் விருந்தும் சுற்றமும் இல்லாத அறையில் எழுதப்பட்ட சொற்கள் அவை. 1945 ஏப்ரல் 9-ஆம் தேதி அவர் தூக்கிலிடப்பட்டார்.

இவ்விருவரும் அநீதியோடு சமாதானம் செய்துகொண்டு மகிழ்ந்தவர்களல்லர். சர்க்கார் பறிக்கக்கூடிய பொருள்களில் தம் மகிழ்ச்சியை வையாதபடியால், அவர்கள் சர்க்காருக்கு அஞ்சவில்லை. சுகத்தில் மகிழ்ச்சியை வைத்தவன் சுகம் போய்விடுமோ என்று நடுங்குவான். நடுங்குகிறவன் பிறனுக்காகச் சிறை புகமாட்டான். ஆகையால் நிலையான மகிழ்ச்சி வீரத்துக்குப் பகையாகாது, அதற்கு ஊற்றாகும்.

நம் கிறிஸ்தவ நண்பர்களுக்கு நாம் கூறுவது இவ்வளவே. நட்சத்திரத்தைத் தொங்கவிடுங்கள், பலகாரம் செய்யுங்கள், குழந்தைகளை மகிழ்வியுங்கள். ஆனால் அயலார் மெச்சுவதற்காகக் கடன்படாதீர்கள். சத்திரத்தில் இடம் கிடைக்காதவர் இன்றும் உங்கள் தெருவிலேயே இருக்கின்றனர். அவர்களுள் ஒருவருக்கேனும் உங்கள் வீட்டில் இலை போடுங்கள். 26-ஆம் தேதி காலையில் அவர் மறுபடியும் கதவைத் தட்டினால், முகம் கோணாமல் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியுமானால், பண்டிகை உங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.