முதலில் வளர்ச்சி, அப்புறம் உரிமையா?

காலை நடையில் கூட வரும் ஓய்வூதியக்காரர் ஒருவர் தினமும் சொல்வார்: "நமக்கு ஒரு லீ குவான் யூ வேணும் சார். தொழில் வளரட்டும், உரிமையெல்லாம் அப்புறம்." 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் நீக்கப்பட்டபோது, இப்படிப் பேசுகிறவர்கள்தான் உரிமை என்று உரக்கக் கத்தினார்கள்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று முழங்கிய அரசாங்கம்தான் 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர்களைச் சுட்டது. 12 பேர் செத்தார்கள். எட்டு மணி நேர வேலை அதற்குப் பிறகு வந்தது. ஆலை லாபம் பெருகியதால் அல்ல.

இங்கே 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டசபையில் நிறைவேறியது. முதலீடு வருமாம்! தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. பத்தே நாளில், மே தினத்தன்று, வாபஸ். ஓட்டும் சங்கமும் செய்த வேலை அது.

இரண்டும் இல்லாதவன் கதி? கும்மிடிப்பூண்டி சிப்காட்டைப் பாருங்கள். இரும்பு உருக்கும் ஆலைகளில் பீகார், ஒடிசா பையன்கள். பலருக்கு ஓட்டு சொந்த ஊரில்; ஒப்பந்தக் கூலி, சங்கம் எட்டாது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால்தான் கிராம சபையிலும் உறுப்பினர். அவர்கள் தங்கும் ஷெட் பக்கம் எந்த வேட்பாளர் போவார்? வழக்கமாக வசிக்கும் இடத்தில் ஓட்டு என்பதுதான் 1950-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போக அதிகாரிகளுக்கு என்ன தடை?