ஒரு நதி, நான்கு நாடுகள்

ஒரே வாய்க்காலின் தலைப்பக்கம் வயல் உள்ளவருக்கும் கடைசிப்பக்கம் வயல் உள்ளவருக்கும் இடையே எழும் பிணக்கை நாம் எல்லோரும் அறிவோம். அதே பிணக்கு நாடுகளுக்கிடையே எழுந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மத்திய ஆசியாவின் சிர் தாரியா நதி தக்க உதாரணமாகும்.

தியன் ஷான் மலைகளில் பிறக்கும் நாரின் ஆறு கிர்கிஸ்தானைக் கடந்து, உஸ்பெகிஸ்தானின் நமங்கான் பகுதியில் காரா தாரியாவுடன் கலக்கிறது. இச்சங்கமத்திலிருந்தே அது சிர் தாரியா எனப் பெயர் பெறுகிறது. பின்னர் தஜிகிஸ்தானின் குஜாந்த் நகரைத் தொட்டு, மீண்டும் உஸ்பெகிஸ்தானுள் நுழைந்து, சிர்சிக் போன்ற ஆறுகளையும் சேர்த்துக்கொண்டு, கசகஸ்தானின் வறண்ட சமவெளியூடாக வட ஆரல் கடலை அடைகிறது. சங்கமத்திலிருந்து இதன் நீளம் சுமார் 2,200 கிலோ மீற்றர். ஆனால் எல்லாக் கிளையாறுகளும் தாய் நதியைச் சேர்வதில்லை. தெற்கு மலைகளிலிருந்து இறங்கும் சோக் ஆறு வாய்க்கால்களிலும் வயல்களிலுமே தீர்ந்துபோகிறது.

பிணக்கு நீரின் அளவைப் பற்றியது மட்டுமல்ல, அது திறக்கப்படும் காலத்தையும் பற்றியது. நாரின் ஆற்றில் 1970களில் அமைக்கப்பட்ட டொக்டோகுல் நீர்த்தேக்கம் சுமார் 19 கன கிலோ மீற்றர் நீரைக் கொள்ளும். சோவியத் காலத்தில் கோடையில் நீர் கீழே சென்றது. குளிர்காலத்துக்கான நிலக்கரியும் எரிவாயுவும் மேலே வந்தன. 1991இல் ஒன்றியம் கலைந்ததும் இந்த ஒழுங்கு குலைந்தது. எரிபொருளுக்குப் பணம் போதாத கிர்கிஸ்தான், மின்சாரத்துக்காகக் குளிர்காலத்தில் நீரைத் திறந்துவிட்டது. கீழே யூன், யூலையில் பருத்தி வயல்கள் வாடின; குளிர்காலத்திலோ உறைந்த நதி பெருக்கெடுத்தது.

யார்மீது குற்றம் சொல்வது? பனியில் நடுங்கும் மலைக் குடும்பத்தின் தேவையும் நியாயமானது, பயிரைக் காக்கத் தவிக்கும் கமக்காரரின் தேவையும் நியாயமானது. 1998இல் கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான், கசகஸ்தான் ஆகிய மூன்றும் நீருக்கும் எரிபொருளுக்குமான பரிமாற்ற ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டன. அதன் அடிப்படை சரியானதே. பிறருக்காக நீரைத் தேக்கி வைப்பது ஒரு சேவை. சேவைக்கு ஈடு வேண்டும். ஆனால் ஆண்டுதோறும் பேரம் பேசவேண்டியிருந்ததால் அது நிலைக்கவில்லை.

2023இல் இம்மூன்று நாடுகளும் நாரினில் கம்பரட்டா-1 அணைக்கட்டை இணைந்து கட்ட உடன்பட்டன. வரவேற்கலாம். ஆயினும் அணைக்கட்டு நம்பிக்கைக்கு ஈடாகாது. நீண்டகாலப் பரிமாற்ற உறுதியும், மண் வாய்க்கால்களில் வீணாகும் நீரைத் தடுக்கும் முயற்சியும், கடைமடைக் கமக்காரருக்குப் பேச்சுமேசையில் ஓர் இடமும் இன்றேல், பழைய பிணக்கு புதிய மதிலின் பின்னால் தேங்கி நிற்கும்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. 2005இல் கொக்-ஆரல் அணை நிறைவுற்றபின் வட ஆரல் கடலில் நீர் உயர்ந்தது, மீனும் திரும்பியது. மனிதர் கெடுத்ததை மனிதரே ஓரளவு சீராக்கலாம். அதற்கு முதலில் மேல்மடையும் கீழ்மடையும் ஒன்றாக உட்காரவேண்டும்.