ஆய்வேடும் அடுத்த வீடும்

சென்ற பருவத்தில் எங்கள் வகுப்பு மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, நாட்டு நடப்பில் ஒரு சமூகப் பிரச்சினையை எடுத்து ஆய்வு செய்து வரும்படி பேராசிரியர்கள் பணித்தார்கள். நீல அட்டையும் பொன்னெழுத்துமாக வந்து சேர்ந்த ஏடுகள் அனைத்தையும் நான் படித்துப் பார்த்தேன். என் வகுப்புத் தோழர்களா இவ்வளவு உழைத்தார்கள் என்று பெருமையாக இருந்தது. கூடவே ஓர் உறுத்தலும் எழுந்தது. அதை இம்மலரில் சொல்லிவிட விரும்புகிறேன்.

ஒரு குழு ரெட்டியார்பாளையம் புதுநகர் நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டது. 2024 ஜூன் 11 அன்று பாதாளச் சாக்கடையின் நச்சுவாயு கழிவறை வழியே வீடுகளுக்குள் ஏறி மூன்று பெண்களின் உயிரைக் குடித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அவர்களில் ஒருத்தி பதினைந்து வயதுச் சிறுமி. ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை போல நாறும் என்பது வேதியியல் படித்த எவருக்கும் தெரியும். ஆனால் காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றதென்று நிம்மதி கொள்ளும் வேளைதான் ஆபத்தான வேளை. கழிவறைக் கோப்பைக்குக் கீழே வளைந்த குழாயில் தேங்கி நிற்கும் நீர்தான் வாயுவுக்குப் பூட்டு. அந்த வளைவு இல்லாவிட்டாலோ, நீர் வற்றிவிட்டாலோ கதவு திறந்ததற்குச் சமம். இவ்வளவையும் நண்பர்கள் தெளிவாக எழுதியிருந்தார்கள்.

"பதில் சொன்ன வீட்டுக்காரர்களிடம் இதைச் சொன்னீர்களா?" என்று கேட்டேன்.

"கேள்வித்தாளில் அதற்கு இடமில்லையே" என்றான் நண்பன். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இன்னொரு குழு ரேஷன் பற்றி எழுதியது. 2015 செப்டம்பரில் மானிய அரிசிக்குப் பதில் பணம் வங்கிக் கணக்குக்கு வரத் தொடங்கியதும், மூடிக் கிடந்த கடைகள் 2024 அக்டோபரில் மீண்டும் திறந்ததும் அதில் உண்டு. வண்ண வண்ண வட்டப் படங்களும் உண்டு. வரிசையில் நின்றவர்களின் பேச்சுத்தான் இல்லை.

எங்கள் குழுவின் பொருள் நிலத்தடி நீர். கோரிமேட்டில் நான் குடியிருக்கும் தெருவையே தேர்ந்தெடுத்தோம். முப்பது வீடுகளில் ஆழ்குழாய்த் தண்ணீரைப் புட்டியில் பிடித்து, பொட்டாசியம் குரோமேட்டை நிறங்காட்டியாகச் சேர்த்து, செங்கல் நிறம் தோன்றும்வரை வெள்ளி நைட்ரேட் சொட்டுவிட்டுக் குளோரைடை அளந்தோம். அந்த முப்பதில் என் வீடு இல்லை. படிவத்தின் நான்காவது கேள்வி, தாயாரின் கல்வித் தகுதி. என் அம்மா ஜிப்மருக்கு எதிரே, நோயாளிகளோடு வருபவர்களுக்கு இட்லி விற்பவர், கையெழுத்திடவும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். தோழர்கள் அருகில் நிற்க அந்தக் கட்டத்தை நிரப்ப மனம் வரவில்லை. எங்கள் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டேன்.

1916 இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைச் சொந்த ஊருக்கே கேள்வித்தாளுடன் அனுப்பினார். 1918 இல் அது நூலாயிற்று. விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டும் அந்த ஊர்களுள் ஒன்று. அதே ஊருக்கு 1937 இல் மீண்டும் போனார்கள். 2008 வரையிலும் ஆய்வாளர்கள் போய்க்கொண்டேயிருந்தார்கள். நாமோ மதிப்பெண் வந்த பிறகு ஒருமுறைகூடத் திரும்பிப் போகவில்லை. ஏடுகள் துறை அலமாரியில் இருக்கின்றன. நம்மை நம்பித் தண்ணீர் பிடித்துக் கொடுத்தவர்களுக்கு அந்த அலமாரி இருப்பதே தெரியாது.

சென்ற மாதம் அடுத்த வீட்டு அத்தையிடம் முடிவைச் சொல்லப் போனேன். பெயருக்குத்தான் அத்தை, உறவு ஒன்றுமில்லை. "குடிக்கலாமா, கூடாதா தம்பி? அதைச் சொல்லு" என்றார். லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடு வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அத்தை வீட்டுத் தண்ணீர் அதைத் தாண்டியிருந்தது. ஆனால் வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1000 வரை அனுமதிக்கலாம் என்றும் அதே நிர்ணயம் சொல்கிறது. இரண்டையும் சொன்னேன்.

"கேன் வாங்குறவங்களுக்கு ஒரு கணக்கு, நமக்கு ஒரு கணக்கா?" என்றார் அத்தை.

பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். மாவுப் பாத்திரத்தோடு வந்த அம்மா, என் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார். "நம்ம வீட்டுத் தண்ணி இதுல எத்தனாவதுடா?"

மறுநாள் காலை ஒரு புட்டியில் எங்கள் வீட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கல்லூரிக்கு வந்தேன். படிவத்தில் 31 என்று எண்ணிட்டு, நான்காவது கட்டத்தையும் நிரப்பினேன்.