பாட்டிலா, சாதாவா?



அமாவாசை நாளில் திருவள்ளூர் எப்படி இருக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வீரராகவ சுவாமியைச் சேவிக்கவும் குளத்தில் வெல்லம் கரைக்கவும் விடியற்காலை முதலே ஜனங்கள் வந்து குவிவார்கள். வெல்லம் விற்கிற நமக்கு நல்ல நாள். ஓட்டல்காரர்களுக்கு அதைவிட நல்ல நாள். அப்படி ஓர் அமாவாசையன்று மதியம் தேரடிப் பக்கம் ஓர் ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தோம். எதிர் மேஜையில் ஒரு பெரியவர், அவர் மகள், இரண்டு குழந்தைகள். ஊத்துக்கோட்டைப் பக்கம் என்பது பேச்சில் தெரிந்தது. இலை போடுவதற்கு முன்பே சப்ளையர் கேட்டார்: "பாட்டில் தண்ணியா, சாதாவா?"

பெரியவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். எல்லா மேஜையிலும் பாட்டில்தான் நின்றது. "பாட்டிலே குடுப்பா" என்றார். இரண்டு பாட்டில், நாற்பது ரூபாய். சாப்பிட்டு முடித்ததும் குழந்தைகள் பாதாம் பால் கேட்டன. பெரியவர் மகளைப் பார்த்தார்; மகள் "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று குழந்தைகளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பாட்டில்கள் நம் கிடங்கிலிருந்து போனவை. ஆகவே இதை எழுதுவதற்கு நமக்கு என்ன யோக்கியதை என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம்.

மளிகையோடு தண்ணீர்ப் பெட்டியையும் நாம் பல வருடங்களாக மொத்தமாகப் போட்டு வருகிறோம். ஒரு கோடையில் ஓட்டல்களுக்கு நாமே யோசனை சொன்னோம்: "வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். மேஜையில் முன்கூட்டியே பாட்டிலை வைத்துவிடுங்கள். வைத்ததைத் திருப்பித் தர மனிதன் கூச்சப்படுவான்." சொன்னபடியே நடந்தது. உள்ளூர்த் தயாரிப்பு பாட்டில் ஒன்று பத்து ரூபாய்க்கும் கீழே கடைக்கு இறங்கும், மேஜையில் இருபதாகும். ஒரு தோசை வார்த்து இவ்வளவு மிஞ்சாது என்று ஓட்டல்காரர் ஒருவர் சிரித்தபடி சொன்னார். அன்று நாமும் சிரித்தோம்.

கேள்வியிலேயே ஒரு சூது இருக்கிறது, கவனியுங்கள். "பாட்டிலா, சாதாவா?" என்று கேட்கும்போது, சாதா என்பது மட்டம் என்று சொல்லாமல் சொல்லியாகிவிட்டது. குழந்தையோடு வந்தவர், விருந்தாளியோடு வந்தவர், பெண் பார்க்கப் போகிற வழியில் சாப்பிட வந்தவர் யாரும் நான்கு பேர் முன்னால் "சாதா" என்று சொல்லமாட்டார்கள். நம் சிறு வயதில் ஓட்டலுக்குள் நுழைந்தால் முதலில் வருவது டம்ளர் தண்ணீர். விலைப்பட்டியல் பிறகுதான். சில கடைகளில் சீரகம் போட்டுக் காய்ச்சிய வெந்நீர் கொடுப்பார்கள். அதற்காகவே அந்தக் கடையைத் தேடிப் போனவர்கள் உண்டு. அந்தத் தண்ணீருக்குக் கடைக்காரர் பொறுப்பாளி. இன்று பாட்டிலை வைத்துவிட்டு அந்தப் பொறுப்பை மூடியோடு சேர்த்து வேறொருவர் தலையில் கட்டிவிட்டோம்.

பாட்டில் தண்ணீர் என்றால் சுத்தம் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் பார்ப்போம். 2001 மார்ச் முதல் அடைக்கப்பட்ட குடிநீருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக இருந்தது. 2024 அக்டோபரில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. அடுத்த சில வாரங்களிலேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்தத் தண்ணீரை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்தது. ஆய்வும் தணிக்கையும் கூடுதலாக வேண்டும் என்பது பொருள். அதாவது அரசாங்கமே கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. விலை விஷயத்திலும் ஓட்டலுக்குச் சலுகை உண்டு. பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் ஓட்டல்கள் வாங்கலாம், அங்கே சேவையும் சேர்ந்திருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. சட்டம் இடம் கொடுக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே பாட்டிலை அச்சிட்ட விலைக்கு விற்கிற பக்கத்துப் பெட்டிக்கடைக்காரரும் நம் சங்கத்து உறுப்பினர்தானே!

நம் மாவட்டத்துக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று இருக்கிறது. பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் கட்டப்பட்டது. 1996-இல் கிருஷ்ணா நீர் ஊத்துக்கோட்டை எல்லைக்கு வந்து, அங்கிருந்து பூண்டிக்கு ஓடியது. அந்தப் பெரியவரின் ஊர் வழியாகத்தான்! கும்மிடிப்பூண்டிக்கு அருகே கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் 2020-இல் திறக்கப்பட்டது. காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-இல் தொடங்கப்பட்டது. பட்டணமே நம் மண்ணின் தண்ணீரைக் குடிக்கிறது. நாமோ நம் ஊர் ஓட்டலில் பாட்டிலுக்குப் பணம் கொடுக்கிறோம்.

பாட்டிலுக்குள் இருப்பதும் பெரும்பாலும் இந்த வட்டாரத்து நிலத்தடி நீர்தான். மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மேல் இறைத்ததால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்த கதையை வயலில் உப்புப் பூத்ததைக் கண்ட விவசாயிகள் சொல்வார்கள். 2020 பிப்ரவரியில், அனுமதியின்றி நீர் எடுக்கும் ஆலைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, கேன் தண்ணீர்க்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சென்னையிலும் நம் மாவட்டத்திலும் ஓட்டல்காரர்கள் பட்ட பாடு மறந்திருக்காது. கேனை மட்டும் நம்பியிருந்தவர்களுக்குச் சமைக்கவும் தண்ணீர் இல்லை.

மலிவு விலையில் கொடுத்துப் பார்த்ததும் நம் பகுதியில்தான். 2013 செப்டம்பர் 15-இல் முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்த 'அம்மா குடிநீர்' கும்மிடிப்பூண்டி ஆலையில்தான் தயாரானது. லிட்டர் பத்து ரூபாய். பேருந்து நிலையங்களில் விற்றார்கள். அப்போது தனியார் பாட்டில் இருபது. நம்மைப் போன்ற மொத்த வியாபாரிகள் முணுமுணுத்தோம் என்பதும் உண்மை. ஆனால் பயணிகளுக்கு அது பெரிய உதவியாக இருந்தது. சிப்காட்டுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இறங்குகிற தொழிலாளிக்கு அந்தப் பத்து ரூபாய் பெரிது.

ஓட்டல்கார நண்பர்களின் பதிலும் நமக்குத் தெரியும். "குழாய்த் தண்ணீரைக் கொடுத்து ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என் கடைப் பெயர் போகுமே அண்ணாச்சி" என்கிறார்கள். நியாயமான பயம். கழுவாத மேல்தொட்டியில் நின்ற தண்ணீரை ஜக்கில் ஊற்றி வையுங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதே தண்ணீரில்தானே சட்னி அரைக்கிறோம், இலை கழுவுகிறோம், மோர் கலக்கிறோம்? குடிக்க ஆகாத தண்ணீர் மோருக்கு மட்டும் எப்படி ஆகும்? உணவு உரிமம் வாங்கும்போது தண்ணீர் குடிக்கத் தகுந்தது என்று காட்டித்தான் வாங்குகிறோம்.

செய்ய வேண்டியது பெரிய வித்தையில்லை. தொட்டியை மூடி வைத்து, முறையாகக் கழுவி, குளோரின் பார்த்து, கொதிக்கவைத்து ஆற்றினால் கிருமி போகும். உப்பு மட்டும் கொதித்தால் போகாது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் கரைந்த உப்புக்குள் இருந்தால் நல்ல தண்ணீர். வேறு வழி இல்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் உவர்ப்பான இடங்களில் ஆர்.ஓ. இயந்திரம் தவிர்க்க முடியாது. அது கழித்துவிடும் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் தரை கழுவப் பிடித்து வைக்கலாம்.

வெளிநாட்டிலும் இதே பேச்சுத்தான். பிரான்சில் 2022 ஜனவரி முதல், இலவசக் குடிநீர் கேட்டு வாங்கலாம் என்று ஓட்டல்கள் விலைப்பட்டியலிலேயே தெரியும்படி எழுத வேண்டும் என்பது சட்டம். பாட்டில் தண்ணீருக்குப் பேர்போன நாடு அது! அமெரிக்காவில் பெர்க்லி நகரத்தின் புகழ்பெற்ற 'ஷே பனீஸ்' உணவகம் 2007-இல் பாட்டில் தண்ணீரை நிறுத்திக் குழாய்த் தண்ணீரை வடிகட்டிக் கொடுக்கத் தொடங்கியது. பணக்காரர்கள் சாப்பிடும் இடம். யாரும் கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை.

பாட்டிலை விற்கவே வேண்டாம் என்று நாம் சொன்னால் அது பொய்யாகிவிடும். நம் கிடங்கில் இன்றும் பெட்டிகள் இருக்கின்றன. கேட்பவருக்குக் கொடுப்போம். முதலில் டம்ளரில் நல்ல தண்ணீர் வரட்டும், கேட்காமலே. அப்படிச் செய்தால் நமக்குப் பெட்டி குறையும். கணக்குப் பார்த்துவிட்டோம், கோடையில் நன்றாகவே குறையும். முன்பு கொடுத்த அந்த யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக நாம் சரக்குப் போடும் ஓட்டல்களுக்கு நேரில் போய்ச் சொல்லி வருகிறோம். மூன்று பேர் சரி என்றார்கள். ஒருவர், "வயதாகிவிட்டது உங்களுக்கு" என்றார்.

நம் கடைக் குழாய்த் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதனைக்குக் கொடுத்திருக்கிறோம். சான்று வந்ததும், நல்லதோ கெட்டதோ, கல்லாவுக்கு மேலே மாட்டுவோம். பிறகு சங்கத் தலைவருக்கு ஒரு வேண்டுகோள். நம் மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் அரை லிட்டர் பாட்டில் வைக்கிறோம். பாதி குடித்தும் குடிக்காமலும் விட்டுப் போகிறோம். வருகிற கூட்டத்துக்கு இரண்டு பானையும் டம்ளர்களும் நாம் கொண்டுவருகிறோம். பாட்டிலுக்குச் சொல்லியிருந்தால் ரத்துச் செய்துவிடுங்கள். அந்த ஆர்டரும் நம்முடையதுதான்.